அப்பாவின் அம்பாசிடர்

(வானொலி மறையுரை. தவக்காலம் 5ஆம் ஞாயிறு. நற்செய்தி: யோவான் 11:1-45)



இன்றைய நற்செய்தி நம்மைப் பெத்தானியாவுக்கு, இலாசரின் கல்லறை வாசலுக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே போவதற்கு முன்பாக, எங்கள் ஊரில் ஒரு வீட்டு முற்றத்துக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்த முற்றத்து ஷெட்டில் 18 ஆண்டுகள் ஒரு கார் ஓடாமல் நின்றது. இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. அந்த வீட்டாரே சொல்லச் சொன்னது. "பேரை மட்டும் சொல்லாண்டாம் சாமி" என்றார்கள். ஆகவே பெயரைச் சொல்லமாட்டேன்.

அது 1974ஆம் ஆண்டு அம்பாசிடர், மார்க் 2. வாங்கியவர் தோவாளைப் பூச்சந்தையில் வியாபாரம் செய்தவர். அம்பாசிடரைப் பற்றி நடுவயது தாண்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பின்பற்றி, மேற்கு வங்கத்தில் உத்தர்பாரா என்ற இடத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. 1950களின் கடைசியில் வரத் தொடங்கி, 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. அந்தக் காலத்தில் கார் வேண்டுமென்றால் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். முன்பக்கம் இரண்டு தனித்தனி இருக்கைகள் கிடையாது; ஒரே நீள சீட். இந்த நீள சீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அந்த வண்டியின் டிக்கியில் விடியற்காலை பிச்சிப்பூவும் மல்லிகையும் போகும். பகலில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். நடுராத்திரி தெருவில் யாருக்காவது பிரசவ வலி எடுத்தால், நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு அதே வண்டிதான். ஆஸ்பத்திரி வருவதற்குள் வண்டியிலேயே பிறந்த பிள்ளை ஒன்று உண்டு என்று ஊரில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்பா இறந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த அன்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த தோப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சு வார்த்தை தடித்தது. தோப்பு கோர்ட்டுக்குப் போனது. கார் ஷெட்டிலேயே நின்றது. ஏனென்றால் சாவி மூத்தவர் கையில், ஆர்.சி. புக் இளையவர் கையில். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில் எழும்பியது. சாவி மட்டும் இருந்தால் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. ஆர்.சி. புக் மட்டும் இருந்தால் வண்டியைத் திறக்கவே முடியாது. இரண்டு பேரிடமும் கார் இருந்தது, யாரிடமும் கார் இல்லை.

எங்கள் ஊர்க் காற்றை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அது வீசும்போது நின்று பேச முடியாது. அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். ஒவ்வோர் ஆண்டும் அந்தக் காற்று காரின் மேல் போட்டிருந்த தார்ப்பாயைக் கிழித்தெறியும். ஒவ்வோர் ஆண்டும் அந்த வீட்டு அம்மா புதுக் கயிறு வாங்கி, தானே கட்டுவார். பங்குக்கு வந்த புதிதில் வீடு மந்திரிக்கப் போனபோது, அம்மா என்னை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "சாமி, இந்தக் காரையும் மந்திரிங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். "அம்மா, ஓடாத வண்டியாச்சே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஓடுத வண்டிய எல்லாரும் மந்திரிப்பாங்க சாமி. ஓடாத வண்டிக்குத்தானே வேணும்?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு எண்பது தாண்டிட்டு. சாவுறதுக்கு முன்னால ஒரு தடவை இந்த வண்டியில காற்றாடிமலைக்குப் போகணும். ரெண்டு பேரும் கூட வரணும்."

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை என்னைத் தொட்டது. மறுவாரமே அண்ணனையும் தம்பியையும் பங்கு இல்லத்துக்கு வரச் சொன்னேன். ஒருவருக்கு மற்றவர் வருவது தெரியாது. எதிரெதிரே உட்காரவைத்து, மன்னிப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று அப்போது நினைத்தேன். இரண்டு பேரும் தலைகுனிந்து கேட்டார்கள். எழுந்தார்கள். ஒருவர் முன்வாசல் வழியாகவும் மற்றவர் பின்வாசல் வழியாகவும் போனார்கள். அடுத்த இரண்டு மாதம் இருவருமே பூசைக்கு வரவில்லை.

நான் என்ன தவறு செய்தேன் என்பதை, நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு வயதான மெக்கானிக் எனக்குப் புரியவைத்தார்.

அவரைக் கூட்டிவந்தவர்கள் பேரப்பிள்ளைகள். மூத்தவரின் மகளும் இளையவரின் மகனும் கல்லூரியில் படிக்கிறார்கள். பெரியவர்கள் பேசாவிட்டாலும் பிள்ளைகள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பாட்டியின் ஆசையை நிறைவேற்றிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். மகள் கெஞ்சியதால் மூத்தவர் சாவியைக் கொடுத்தார். நானும் போயிருந்தேன். புது பேட்டரி வாங்கி வந்திருந்தார்கள். "போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாப்போமா?" என்று அந்தப் பெண் ஆவலாகக் கேட்டாள். மெக்கானிக் அவள் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ரொம்ப நாள் நின்ன வண்டியில கடைசியாச் செய்யுற வேலைதான் சாவியத் திருப்புறது. முதல்லயே திருப்பினா, கெட்டது எல்லாம் உள்ள போய் அடைக்கும். பிஸ்டன் பிடிச்சிருந்தா உடையும்" என்றார்.

அன்பர்களே, நான் பங்கு இல்லத்தில் செய்தது அதுதான். முதல் நாளே சாவியைத் திருப்பிவிட்டேன்.

அதன்பின் அவர் செய்ததை நான் ஒரு மாணவனைப்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பெட்ரோல் டேங்கைத் திறந்தார். அப்பப்பா, அந்த நாற்றம்! நாங்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நாள்பட்ட பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஆகிவிடும்; பிசுபிசுவென்று கார்புரேட்டரின் சின்னத் துவாரங்களை அடைத்துவிடும். அவர் மட்டும் மூக்கைப் பொத்தவில்லை. "நாத்தத்தைப் பாத்தா வேலை நடக்காது" என்று சொல்லி, முழுவதையும் வடித்தார். எலி கடித்த வயர்களை வெளியே இழுத்துப் போட்டார். அப்புறம் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் கொஞ்சம் கொஞ்சம் எண்ணெய் விட்டார். "இனி ஒரு வாரம் யாரும் தொடாண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் வந்து, ஹேண்டிலை மாட்டி, கையால் மெதுவாக அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. மறுபடியும் எண்ணெய். மறுபடியும் ஒரு வாரம். மூன்றாவது வாரம் அரைச்சுற்று சுற்றியது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

இப்போது பெத்தானியாவுக்கு வருவோம். இலாசர் கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாள் ஆகிவிட்டது. ஆண்டவர் கல்லை அகற்றச் சொல்கிறார். உடனே மார்த்தா தடுக்கிறார். நாற்றம் அடிக்குமே என்கிறார். இறந்தவரின் சொந்தச் சகோதரி அவர். உள்ளே இருப்பவர்மேல் அவருக்கு அன்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் திறந்தால் வரப்போகும் நாற்றத்துக்கு அஞ்சுகிறார். நம் குடும்பங்களில் எத்தனை கல்லறைகள் அன்பு இல்லாததால் அல்ல, நாற்றத்துக்குப் பயந்து மூடியே கிடக்கின்றன! "பழசைக் கிளறாதே" என்கிறோம். கிளறாமல் விட்ட பழசு உள்ளேயே பிசினாகி அடைத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இறந்தவருக்கு உயிர் கொடுக்கக்கூடியவருக்கு ஒரு கல்லைப் புரட்டுவது பெரிய வேலையா? ஆனால் அந்த வேலையை அவர் செய்யவில்லை. சுற்றி நின்றவர்களிடம் விட்டார். இலாசர் வெளியே வந்த பிறகு கைகால்களில் சுற்றியிருந்த கட்டுகளை அவிழ்ப்பதையும் அவர்களிடமே விட்டார். நடுவில் உள்ள அந்த ஒன்று, உயிர் கொடுப்பது, அது மட்டும் அவருடையது. அதற்கு முன்னால் கல்லைப் புரட்டுவதும், அதற்குப் பின்னால் கட்டை அவிழ்ப்பதும் நம்முடைய வேலை. நான் அண்ணன் தம்பியிடம் கல்லைப் புரட்டாமலேயே "வெளியே வா" என்று கத்தினேன். அந்தக் குரல் என்னுடையதாக இருக்க முடியாது.

சரி, பழையதை எதற்காக இத்தனை பாடுபட்டுச் சீர்படுத்த வேண்டும், புதிதாக வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் ஒரு குடும்பம் பாதுகாத்து வைத்த கார் ஒன்றைச் சொல்கிறேன். கொல்கத்தாவில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வீட்டில், ஜெர்மனியில் செய்த வான்டரர் கார் ஒன்று இருந்தது. எண் பி.எல்.ஏ. 7169. 1941 ஜனவரி 16ஆம் நாள் இரவு, ஆங்கிலேயரின் காவலில் இருந்த நேதாஜி மாறுவேடத்தில் அந்தக் காரில்தான் எல்ஜின் ரோடு வீட்டை விட்டு வெளியேறினார். ஓட்டியவர் அவருடைய அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ், அப்போது 20 வயது இளைஞர். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள கோமோ ரயில் நிலையம் வரை கொண்டுபோய்ச் சித்தப்பாவை விட்டார். பிற்காலத்தில் அந்தக் கார் ஓடாமல், அந்த வீட்டிலேயே காட்சிப்பொருளாக நின்றது. கடைசியில் அதைச் சீர்படுத்தி, 2017 ஜனவரி 18 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி திறந்துவைத்தார். அந்த இரவில் அது எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்துக்குக் கொண்டுவருவதே நோக்கமாக இருந்தது. அதைவிட வேகமான, அழகான கார் ஆயிரம் வாங்கலாம். ஆனால் அந்த இரவில் அந்தச் சாலையில் ஓடிய கார் அது ஒன்றுதான்.

நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்த புனித அத்தனாசியுஸ், இறைமகன் மனிதரானதைப் பற்றி எழுதும்போது ஓர் ஒப்புமை சொல்கிறார். பலகையில் வரைந்த ஓர் உருவப்படம் கறைபட்டு அழிந்துபோனால், அந்தப் பலகையைத் தூக்கி எறிவதில்லை. யாருடைய படமோ அவரே மறுபடி வந்து உட்கார, அதே பலகையில் அவர் சாயல் திரும்ப வரையப்படுகிறது. நம்மில் மங்கிப்போன இறைச்சாயலைப் புதுப்பிக்கக் கடவுளின் மகன் வந்தது அப்படித்தான் என்கிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்காகப் படித்தேன். அந்த ஷெட்டில் நின்றபோதுதான் அதன் பொருள் விளங்கியது. கடவுள் நம்மைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொருவரை வாங்குவதில்லை.

மெக்கானிக் சொன்ன இன்னொரு பாடம் உண்டு. இன்ஜின் சுற்றத் தொடங்கியதும் பிள்ளைகள் துள்ளினார்கள். அவரோ நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொன்னார். பிரேக் சிலிண்டரின் ரப்பர்கள் இறுகிப்போயிருந்தன. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளே துருவாக்கியிருந்தது. "ஓடுறது பெரிய காரியமில்ல சாமி. நிறுத்தினா நிக்கணும். பிரேக் சரியாகாம இந்த வண்டியில ஒருத்தரையும் ஏத்தமாட்டேன்" என்றார். பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றினார். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது.

இதைக் கேட்டபோது என் மனதில் சில பெண்களின் முகங்கள் வந்தன. குடித்துவிட்டு அடிக்கிற கணவனிடம், "மன்னித்துவிட்டுப் போம்மா" என்று நாம் திருப்பி அனுப்பிய பெண்கள். குருக்களாகிய நாங்களும் அனுப்பியிருக்கிறோம். அது ஒப்புரவு அல்ல, அன்பர்களே. பிரேக் இல்லாத வண்டியில் ஏறச் சொல்வது. மன்னிப்பு மனதில் இருக்கலாம். ஆனால் அடி நிற்கும் என்று உறுதியாகும்வரை யாரையும் அந்த வீட்டுக்குள் தள்ள நமக்கு உரிமை இல்லை.

இனி முக்கியமான நாளுக்கு வருகிறேன். எல்லா வேலையும் முடிந்து, வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் நாள். செல்ஃப் மோட்டார் வேலை செய்யவில்லை. முன்னால் ஹேண்டிலைப் போட்டுத்தான் சுற்ற வேண்டும். மெக்கானிக்குக் கை வலி. மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் சுத்துறேன்" என்று குனிந்தார். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்: "அண்ணே, பெருவிரல சுத்திப் பிடிக்காண்டாம்! திருப்பி அடிக்கும்!"

ஹேண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இது தெரியும். இன்ஜின் சில நேரம் பின்பக்கமாக உதைக்கும். பெருவிரலைக் கம்பியைச் சுற்றி மடக்கிப் பிடித்திருந்தால் விரல் முறிந்துபோகும். எல்லா விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். சிறுவயதில் இரண்டு பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. 18 ஆண்டுகளுக்குப் பிறகு தம்பி வாயிலிருந்து வந்த முதல் "அண்ணே" அதுதான். மன்னிப்பும் இல்லை, தோப்பும் இல்லை. அண்ணன் விரல் முறிந்துவிடக் கூடாதே என்ற பதற்றம் மட்டும். அத்தனை நாள் அவர் மதிலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மூத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பெருவிரலை எடுத்து மற்ற விரல்களோடு சேர்த்து வைத்தார். நான்காவது சுற்றில் வண்டி பிடித்தது. ஷெட் முழுக்கப் புகை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து இளையவரின் மகன் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தான். உள்ளே ஆர்.சி. புக், மடிப்புக் கலையாமல்.

அதற்குப் பிறகும் வேலை இருந்தது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்கு, வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' எழுத்துள்ள எண் வாங்கலாம். ஆனால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினசரிப் பயன்பாட்டுக்கு ஆகாது. "கோயிலுக்குப் போகத்தானே வண்டி" என்று அம்மா சொன்னதால், சாதாரணப் பதிவையே புதுப்பிக்க முடிவு செய்தார்கள். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். மற்ற வாரிசுகள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். யார் பெயருக்கு மாற்றுவது? அண்ணன் பெயருக்கா, தம்பி பெயருக்கா? மறுபடியும் அமைதி. கடைசியில் பேத்திதான் சொன்னாள்: "பாட்டி பேருக்கு மாத்துங்க." வண்டி ஓட்டத் தெரியாத, எண்பது தாண்டிய அம்மா இன்று அந்தக் காரின் உரிமையாளர். மகன்கள் இருவரும், திருமணமாகிப் போன மகளும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். இலாசரின் கட்டுகளை அவிழ்ப்பது இப்படித்தான் இருக்கும், அன்பர்களே. ஒரு நாளில் முடிகிற வேலையல்ல. சில கட்டுகளை அவிழ்க்க அலுவலக வரிசையில்கூட நிற்க வேண்டியிருக்கும்.

தோப்பு வழக்கு இன்னும் முடியவில்லை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மதிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் கடந்த மாதம் ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு, அந்தக் கார் கோயில் வாசலில் வந்து நின்றது. இந்த முறை நான் சிரிக்காமல் மந்திரித்தேன். பின்சீட்டில் அம்மா, பக்கத்தில் பேரப்பிள்ளைகள். முன்பக்கத்தில் அதே நீள சீட். அண்ணன் ஓட்ட, தம்பி பக்கத்தில். நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. காற்றாடிமலைக்குப் போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட மலை அது; 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் ஊரே அங்கேதான் திரண்டது. வழியில் அண்ணனும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று அம்மாவிடம் பிறகு கேட்டேன். "ஒண்ணும் பெரிசாப் பேசல சாமி. செகண்ட் கியர் கொஞ்சம் இறுகுதுன்னு பேசிக்கிட்டாங்க" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு.

அன்பார்ந்த நேயர்களே, உங்கள் வீட்டிலும் தார்ப்பாய் போட்டு மூடிய ஒன்று இருக்கலாம். பேசாமல் விட்ட அண்ணன், போகாமல் விட்ட தங்கை வீடு, பல ஆண்டுகளாக அணுகாமல் விட்ட ஒப்புரவு அருளடையாளம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்த வாரமே எல்லாம் ஓடிவிட வேண்டும் என்று சாவியைத் திருப்பாதீர்கள். தார்ப்பாயை மட்டும் விலக்குங்கள். அந்த நாற்றத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்: உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு விசாரிப்பு போதும். பிறகு அழைக்க வேண்டியவர் அழைப்பார்.

இறைவா, நாள்பட மூடிக் கிடக்கும் எங்கள் வீட்டுக் கல்லறைகளின் வாசலுக்கு வாரும். கல்லைப் புரட்ட எங்களுக்குத் துணிவையும், கட்டுகளை அவிழ்க்கப் பொறுமையையும் தாரும். உயிர் தருவது உம் வேலை என்பதை நாங்கள் மறவாதிருக்கச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.